பதினோராவது அடி

ஜனவரி 12

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். என் இடது முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் கேட்கிறது. உன் அத்தானுக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. காதுகூட நன்றாகத்தான் இருக்கிறது, நான் பேசும்போது மட்டும் கேட்காது. நீ எப்படி இருக்கிறாய்? கட்டைவிரலில் ஊசி குத்திய காயம் ஆறியதா?

போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை வருகிறதென்று நாம் கடிதத்துக்கு மாறியது நல்லதாகப் போயிற்று. எவ்வளவு கோபமாக எழுத உட்கார்ந்தாலும், தபால்தலையைத் தேடி எடுப்பதற்குள் பாதிக் கோபம் போய்விடுகிறது. மீதிப் பாதியைத்தான் உறைக்குள் வைக்கிறேன்.

இந்த வாரச் சாதனையைக் கேள். பானைக்காரரிடம் ஒரு பூச்சாடி பார்த்தேன். கண்டதும் பிடித்துவிட்டது. பிடித்தது முகத்தில் தெரியக் கூடாது, அதுதான் முதல் பாடம். கஷாயம் குடித்தவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, “என்னங்க, கோணலா இருக்கே?” என்றேன்.

“கையால செஞ்சதும்மா. அப்படித்தான் இருக்கும்.”

“சரி, கோணலுக்கு எவ்வளவு குறைப்பீங்க?”

மனிதர் அசையவில்லை. உடனே நம்முடைய பத்தடி வித்தை. திரும்பி நடக்க ஆரம்பித்தேன். ஐந்தாவது அடியில் நடை தளர வேண்டும். ஏழாவது அடியில் பக்கத்துக் கடையை ஆசையாகப் பார்க்க வேண்டும். எட்டில் கூப்பிட்டுவிட்டார். பாதி விலை! முப்பது வருஷமாகப் பேரம் பேசுகிறேன், பத்தைத் தாண்டி நடந்ததே இல்லையடி. பதினோராவது அடி எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது.

எங்கள் இன்சூரன்ஸ் ஆபீஸில் இப்போது என் பெயரே ‘பாதிவிலை அக்கா’தான். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பாடம் நடத்துகிறேன். பக்கத்து மேசைக்காரி முதல் மாணவி. படிப்பில் எனக்கு வராத பெருமையெல்லாம் இப்போது வருகிறது.

நீயும் விலையை இரட்டிப்பாகச் சொல்லிப் பாதியில் முடி. வாங்குகிறவளுக்கும் சந்தோஷம், உனக்கும் நஷ்டமில்லை. இந்த மார்ச்சில் எனக்கு ஐம்பது முடிகிறது. மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடுகிற வயது வந்துவிட்டது. பதில் போடு, ஊமைக்கோட்டான் மாதிரி இருக்காதே.

உன் அக்கா

ஜனவரி 25

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கட்டைவிரல் ஆறிவிட்டது. பக்கத்து விரல் பொறாமைப்படக் கூடாதென்று அதிலும் ஒரு தடவை குத்திக்கொண்டேன். அத்தானைக் காதை நன்றாகப் பார்த்துக்கொள்ளச் சொல். அந்த வீட்டில் அது ஒன்றுதான் அவருக்குத் துணை.

நீ என் கடையைப் பார்த்ததில்லை. கடை என்பதே பெரிய வார்த்தை. மூடிக்கிடக்கிற சினிமாக் கொட்டகையின் டிக்கெட் ஜன்னலுக்குக் கீழே எட்டடிக்கு ஆறடி இடம். இடப்பக்கம் தகரத்தில் லாந்தர் விளக்கு செய்கிறவர், வலப்பக்கம் கண்ணாடிக்குச் சட்டம் போடுகிற அம்மா. எதிரே பெரிய பைக்கடை, அதற்கு ஒரு முதலாளி.

ஒரு தோல்பைக்கு எனக்கு நான்கு நாள் ஆகிறது. ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி. ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியும் எதிரும் புதிருமாகக் கடந்துபோகும். ஒரு பக்கம் நூல் அறுந்தாலும் மறுபக்கம் பிடித்துக்கொள்ளும். மிஷினில் இது வராது. சட்டைத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருஷம் மிஷின் மிதித்தவள் சொல்கிறேன்.

வருகிறவர்கள் எல்லோரும் உன் ஆபீஸ்தான் போலிருக்கிறது. “இதை நானே வீட்ல செஞ்சிடுவேனே” என்கிறார்கள். “தாராளமா செய்யுங்கம்மா, ஊசி தரட்டுமா?” என்கிறேன். பையை எடுத்ததும் முதலில் குறை தேடுகிறார்கள். வந்தவர்கள் ஒரு வணக்கம் சொல்லலாம், எப்படிச் செய்தாய் என்று கேட்கலாம். கையில் அவ்வளவு இல்லையென்றால், ‘பை நல்லாயிருக்கு, இப்ப முடியாது’ என்று சொல்லிவிட்டுப் போகலாம். அதில் எனக்கு வருத்தமே இல்லை. நான்கு நாள் வேலையைக் கையில் வைத்துக்கொண்டு ‘கோணல்’ என்றால்தான் ஊசியை எங்கே குத்துவது என்று தெரியாமல் போகிறது.

விலையை இரட்டிப்பாகச் சொல்லமாட்டேன். சொன்னால் நான்கு நாளும் பொய்யைத் தைத்த மாதிரி. என்னிடம் விலை ஒன்றுதான். முதுகைக் காட்டிப் போகிறவர்களை நான் கூப்பிடுவதும் இல்லை. இன்றுவரை ஒருவரையும் கூப்பிட்டதில்லை.

உன் கண்ணாடிப் பெட்டியின் நீளம் அகலம் அளந்து எழுது. சும்மாதான்.

தங்கை

பிப்ரவரி 6

அடி என் அரிச்சந்திரத் தங்கையே,

நாங்கள் நலம். முழங்கால் தவிர என்று ஒவ்வொரு தடவையும் எழுதமாட்டேன், நீயே சேர்த்துப் படித்துக்கொள்.

ஏழு அங்குல நீளம், மூன்று அங்குல அகலம். உன் அத்தானின் அளவுகோலைத் தேடி எடுத்து அளந்தேன். எதற்கென்று கேட்டால் சொல்லமாட்டாய், எனக்குத் தெரியாதா உன்னை? சின்ன வயதில் என் பென்சிலை ஒளித்துவைத்துவிட்டு நாலு நாள் கூடவே சேர்ந்து தேடியவள் நீ.

ஆனால் பேரத்தைக் குறை சொல்லாதே. பேரம் பேசாமல் வாங்குவது விற்கிறவரிடம் முகம் கொடுத்துப் பேசாமல் போவது மாதிரி. பானைக்காரருக்கும் எனக்கும் இப்போது எவ்வளவு நெருக்கம் தெரியுமா? என்னைக் கண்டாலே எழுந்து நின்றுவிடுகிறார். மரியாதை என்றுதான் நினைத்திருந்தேன். உன் அத்தான் சொல்கிறார், அது தப்பித்து ஓட வசதியாகவாம். இந்த மாதிரி விஷயத்துக்கு மட்டும் அவருக்கு வாய் இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். கழுத்து வலித்தால் நடுவில் எழுந்து நட.

அக்கா

மார்ச் 21

அன்புள்ள தங்கைக்கு,

சுகம்தானே? எனக்கு ஐம்பது முடிந்துவிட்டது. நீ ஒரு கண்ணாடி உறை தைத்து அனுப்புவாய் என்று நினைத்தேன். ஒன்றும் வரவில்லை. போகட்டும், உனக்கு வேலை அதிகமாக இருந்திருக்கும். ஆனால் வந்த பரிசைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

பக்கத்து மேசைக்காரி குடும்பத்தோடு டூரிஸ்ட் பஸ்ஸில் போனாள். நாலு நாளில் ஐந்து ஊர். எந்தெந்த ஊர் என்று கேட்டால் ‘பஸ் நின்ன ஊர்’ என்கிறாள், அவ்வளவு ஊன்றிப் பார்த்திருக்கிறாள். திரும்பி வந்து ஒரு தோல்பையை என் மேசையில் வைத்தாள். அடி, அப்படியொரு பை! வெல்ல நிறம். தோளில் போட்டால் கூடவே பிறந்த மாதிரி உட்காருகிறது. உள்ளே ஒரு சின்ன உள்பை. என் கண்ணாடிப் பெட்டியை வைத்துப் பார்த்தேன், அளவெடுத்துத் தைத்த மாதிரி கச்சிதம்! இனி தலையைத் தடவ வேண்டியதில்லை.

விலையைச் சொன்னாள். நம்பவே முடியவில்லை, பாதி. என் மாணவியல்லவா! அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

“தெருவோரத்துல ஒரு பொம்பளை வெச்சிருந்தாங்கக்கா. முதல்ல இது விக்கிறதுக்கு இல்லன்னாங்க. நான் விடுவேனா? எங்க ஆபீஸ்ல ஒரு அக்கா, கண்ணாடியைத் தலைமேல வெச்சுக்கிட்டு மேசை பூரா தேடுவாங்க, இந்த மாசம் அம்பது முடியுது, அவங்களுக்குத்தான்னு சொன்னேன். கொஞ்ச நேரம் என் மூஞ்சியையே பார்த்துட்டு ஒரு விலை சொன்னாங்க. பாதி கேட்டேன். முடியாதுன்னாங்க. அப்புறம் என்ன, பத்தடிதான். எட்டு வரைக்கும் சத்தமே இல்லக்கா, எனக்கே பயம் வந்துடுச்சு. ஒன்பதாவது அடியில ‘இந்தாங்கம்மா’ன்னு ஒரு குரல்!”

ஒன்பதில்! எமகாதகி அந்தப் பைக்காரி, ஒன்பது வரை தாக்குப்பிடித்திருக்கிறாள். இருந்தாலும் அசடுதான். இன்னும் இரண்டு அடி பொறுத்திருந்தால் நம் மேசைக்காரியே திரும்பி ஓடியிருப்பாள். தொழில் தெரிந்த கை, வியாபாரம் தெரியாத வாய். உனக்கு ஒரு பாடமாக இருக்கட்டுமென்றுதான் எழுதுகிறேன்.

உன் ஐம்பது வயது அக்கா

ஏப்ரல் 18

தங்கைக்கு,

சௌக்கியமா? நான்கு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. தபால்காரரை நிறுத்தி வைத்துக் கேட்டுவிட்டேன். “நான் எழுதறது இல்லீங்க, குடுக்கறது மட்டும்தான்” என்கிறார். நாக்கு நீளம் அந்த மனிதருக்கு.

கோபமா? பேரத்தைப் பற்றி எழுதினதற்கா? சரி, அதைப் பற்றிப் பேசமாட்டேன். இரண்டு வரி போதும், கை வலித்தால் ஒன்று.

ஆபீஸில் மூன்று பேர் அதே பை வேண்டுமென்று பக்கத்து மேசைக்காரியைப் பிடுங்கி எடுக்கிறார்கள். அவளுக்கோ ஊர் ஞாபகமில்லை.

அக்கா

மே 10

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கை வலி இல்லை. பதில் போடத் தாமதம், அவ்வளவுதான்.

பை நல்ல பை. மழையில் நனைந்தால் வெயிலில் போடாதே, நிழலில் உலர்த்து. மாதம் ஒருமுறை மெழுகு தடவித் துடை. உள்பையின் ஓரத்தில் ஓடுகிற பச்சை நூலைப் பிரிந்திருக்கிறதென்று நினைத்து இழுத்துவிடாதே. அது முடிச்சு தெரியாமல் இருக்க மூன்று தையல் திரும்பி வந்திருக்கிறது.

ஒன்பதாவது அடியில் கூப்பிட்டவள் அசடாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.

இங்கே வியாபாரம் மந்தம். உன் பத்தடி வித்தை இந்தத் தெருவுக்கும் வந்துவிட்டது. பாதி கேட்கிறார்கள், திரும்பி நடக்கிறார்கள், நடந்துகொண்டே காதைத் தீட்டிக்கொள்கிறார்கள். நான் கூப்பிடவில்லை. இரண்டு மாதத்தில் விற்றது மூன்று பை. எதிர்க்கடை முதலாளி வந்து, நான் தைப்பதையெல்லாம் பாதி விலைக்கு மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். அவர் கடைப் பெயரைப் பையில் அச்சுக் குத்திக் கொடுக்க வேண்டுமாம். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

முழங்காலுக்கு ஒத்தடம் கொடு. அத்தானுக்கு அன்பு.

தங்கை

மே 16

என் தங்கமே,

உன் கடிதத்தை ஆபீஸில் வைத்துப் படித்தேன். நல்ல பை என்றாய், சரி. மெழுகு என்றாய், சரி. பச்சை நூல் என்றாய். பச்சை நூலைப் பற்றி நான் எழுதவே இல்லையே! பையை மேசைமேல் கவிழ்த்து உள்பையை வெளியே இழுத்துப் பார்த்தேன். பச்சை. மூன்று தையல் திரும்பி வந்திருக்கிறது.

அப்புறம் ஏழு அங்குலம் ஞாபகம் வந்தது. அடிப்பாவி, ‘அளவெடுத்துத் தைத்த மாதிரி’ என்று உனக்கே எழுதியிருக்கிறேனே! ‘அசடு’ என்று எழுதியிருக்கிறேனே! கண்ணாடியைத் தலைமேல் வைத்துக்கொண்டு தேடுகிறவளுக்கு, தங்கையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெரியவில்லை என்பதில் என்ன ஆச்சரியம்?

பக்கத்து மேசைக்காரி என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்தாள். “யாருக்கும் ஒண்ணுமில்லையேக்கா?” என்றாள். “ஒண்ணுமில்லடி, நான் ஒரு பூச்சாடியைக் கோணல்னு சொல்லிப் பாதி விலைக்கு வாங்கியிருக்கேன்” என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அன்று சாப்பாட்டு நேரத்தில் பாடம் கேட்க ஒருத்தியும் வரவில்லை.

பையின் மீதிப் பாதி விலையும் அதற்குமேல் ஒரு பங்கும் மணியார்டரில் அனுப்பியிருக்கிறேன். ஒரு வார்த்தை பேசாமல் வாங்கிக்கொள். என்னைத் திட்டுவதாக இருந்தால் போனிலேயே திட்டு. மூன்று நிமிடம் தாண்டினாலும் வைக்கமாட்டேன்.

அந்த முதலாளிக்கு என்ன பதில் சொல்லப் போகிறாய்?

அக்கா

மே 31

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அழாதே. அழுதிருக்கிறாய், மூன்றாவது பக்கத்தில் மை கலைந்திருக்கிறது.

மணியார்டரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். விலை ஒன்று என்றால் ஒன்றுதான். குறைத்தும் பேசாதே, கூட்டியும் பேசாதே.

அன்று நடந்ததைச் சொல்கிறேன், கேள். அந்தப் பையைக் காலையில்தான் முடித்தேன். உனக்கு அனுப்பத்தான் மாட்டி வைத்திருந்தேன். உன் மாணவி வந்து கண்ணாடியைத் தலைமேல் வைத்துத் தேடுகிற ஆபீஸ் அக்காவைப் பற்றிச் சொன்னதும் எனக்குத் தெரிந்துவிட்டது. உலகத்தில் அப்படி ஒருத்திதானே! விற்கமாட்டேன் என்று நின்றிருக்கலாம். நடந்துபோனவளை விட்டிருக்கலாம். ஆனால் அவள் ஆசையாக உனக்கென்று கேட்கிறாள், பையும் உனக்கென்று தைத்தது. அவள் கொடுத்த பாதி அவள் பங்கு. மீதிப் பாதி என் பங்கு. ஆக, இரண்டு பேர் சேர்ந்து உனக்கு வாங்கித் தந்த பை அது. அதனால்தான் கூப்பிட்டேன். என் ஆயுளில் ஒரே ஒரு தடவை. அது பேரத்தில் தோற்றதல்ல, தெரிந்துகொள்.

ஆனால் தெரு அதைப் பார்த்துவிட்டது. பார்த்தவர்கள் எல்லோரும் நடக்க ஆரம்பித்தார்கள். முதலாளியும் அதைச் சொல்லிக்கொண்டுதான் வந்தார்.

“அன்னிக்கு அந்தம்மாவைக் கூப்பிட்டுப் பாதிக்குக் குடுத்தீங்களே, பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். அதே விலைக்கு எனக்குக் குடுக்கக் கூடாதா? அதுவும் மொத்தமா எடுத்துக்கறேங்கறேன்.”

“அது விக்கிறதுக்குத் தெச்சது இல்லீங்க. போக வேண்டிய இடத்துக்குப் போச்சு.”

“அப்ப மீதிப் பாதி?”

“அது எங்க வீட்டு விஷயம்.”

“சரி, பேரு குத்தறதுல என்ன கஷ்டம்?”

“உங்க பேருதான் உங்க போர்டுல அழகா இருக்கே. என் பை மேல அது எதுக்குங்க?”

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. “ரெண்டு மாசம் பாருங்க. நீங்களே என் கடைக்கு நடந்து வருவீங்க.”

“இங்கிருந்து எத்தனை அடி இருக்கும்?”

“முப்பது இருக்கும்.”

“அவ்வளவு தூரம் என்னால நடக்க முடியாதுங்க” என்று சொல்லிவிட்டு ஊசியை எடுத்துக்கொண்டேன்.

மறுநாளே அவர் கடை வாசலில் ஒரு மேசை போட்டு மிஷின் பைகளைக் குவித்துவிட்டார். அதில் அவர் பெயர் பெரிதாக இருக்கிறது. நானும் ஒரு அட்டையில் எழுதி மாட்டிவிட்டேன்: ‘விலை ஒன்று. தொட்டுப் பார்க்கலாம். எப்படிச் செய்தது என்று கேட்கலாம். வாங்காமலும் போகலாம். போகிறவர்களைக் கூப்பிடுவதில்லை.’

உன்னிடம் மறைப்பதற்கில்லை. ஜூலைக்குள் வியாபாரம் பழையபடி ஆகாவிட்டால் தொழிற்சாலைக்குத்தான் திரும்ப வேண்டும். விசாரித்தேன், என் பழைய மிஷின் காலியாகத்தான் இருக்கிறதாம். போனாலும் போவேனே தவிர, பாதிக்குக் கொடுத்துவிட்டு இங்கே உட்காரமாட்டேன்.

தங்கை

ஜூன் 9

என் பிடிவாதத் தங்கைக்கு,

நலம். மணியார்டர் வந்து சேர்ந்தது. உன் அத்தான் கையெழுத்துப் போட்டு வாங்கி, “உன்னையே திருப்பி அனுப்பறதுக்கு உலகத்துல ஒருத்தியாவது இருக்காளே” என்று சந்தோஷப்பட்டார்.

ஒரு கேவலத்தைக் கேள். பானைக்காரரிடம் போனேன். ஒரு கிண்ணத்தை எடுத்து, “வணக்கம். இதை எப்படிங்க செஞ்சீங்க?” என்று கேட்டேன். அவர் எழுந்து நின்று, “என்னம்மா, உடைஞ்சிருக்கா?” என்றார். விலை சொன்னார். முழு விலையை நீட்டினேன். மனிதர் பயந்துபோய்க் கிண்ணத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார், பணத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். “வீட்ல ஏதாவது பிரச்சனையாம்மா?” என்று மெதுவாகக் கேட்டார். பழைய பூச்சாடியின் பாதியையும் கொடுக்கிறேன் என்றதும், பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டு எனக்கு உட்கார நாற்காலி போடச் சொல்லிவிட்டார். முப்பது வருஷப் புகழ் இது. ஒரே நாளில் கழற்ற முடியுமா?

நீ அந்த முப்பது அடியை நடக்காதே. தொழிற்சாலைக்கும் எழுதிவிடாதே. ஒரு மாதம் பொறு. வேறொன்றும் இப்போது சொல்வதற்கில்லை.

அக்கா

ஜூலை 3

அன்புள்ள அக்காவுக்கு,

ஊர் போய்ச் சேர்ந்தாயா? முழங்கால் எப்படி இருக்கிறது? அன்று ராத்திரி என் வீட்டில் கேட்டபோதெல்லாம் தூக்கம் வருகிறதென்று போர்த்திக்கொண்டாய். அதனால் எழுதிக் கேட்கிறேன்.

சனிக்கிழமை சாயங்காலம். தெருவில் நல்ல கூட்டம். நீ திடீரென்று என் முன்னால் வந்து நிற்கிறாய். தோளில் அந்தப் பை. ‘அக்கா’ என்று வாய் திறப்பதற்குள் முன்பின் தெரியாதவள் மாதிரி, மாட்டியிருந்த வேறொரு பையைக் காட்டி, பஸ்ஸுக்கு நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கிற குரலில் “இந்தப் பை என்னம்மா விலை?” என்றாய். சொன்னேன்.

“பாதிக்குக் குடு.”

“விலை ஒண்ணுதாங்க. போர்டு இருக்கு, படிச்சுப் பாருங்க.”

“நான் யார் தெரியுமா? பத்தடி வித்தையே என்னோடதுதான்! முப்பது வருஷத்துல எந்தக் கடையிலயும் நான் பத்தைத் தாண்டினதில்ல. கூப்பிடலைன்னா போயிட்டே இருப்பேன்!”

“போயிட்டு வாங்க.”

நடந்தாய். லாந்தர்காரர் சும்மா இருக்காமல் உரக்க எண்ண ஆரம்பித்துவிட்டார். கண்ணாடிச் சட்டக்கார அம்மா வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றாள். ஐந்தில் தளர்ந்தாய், ஏழில் பக்கத்தில் பார்த்தாய், எல்லாம் உன் பாடத்தின்படி. ஒன்பது என்றதும் தெருவே என்னைப் பார்த்தது. நொண்டுகிறாய் அக்கா. கூட்டத்துக்கு அது தெரியாது, எனக்குத் தெரியும். வாய் திறந்துவிட்டது. நூலை எடுத்துப் பல்லால் கடித்துக்கொண்டேன். பத்து. அப்புறம் “பதினொண்ணு” என்றார் லாந்தர்காரர்.

நீ நிற்கவில்லை. முப்பத்திரண்டில் முதலாளியின் மேசைக்கு முன்னால் போய் நின்றாய். ஒரு பையை எடுத்து உள்ளே வெளியே பார்த்தாய், அவரிடம் ஏதோ கேட்டாய், அவர் ஏதோ சொன்னார், நீ பையை வைத்தாய். பிறகு அதே முப்பத்திரண்டு அடியைத் திரும்பி நடந்து வந்து, “வணக்கம்மா. இதை எப்படித் தெச்சே, சொல்லு” என்றாய். சொன்னேன். முழு விலையைக் கொடுத்தாய். தெருவில் யாரோ கைதட்டினார்கள்.

இப்போது செய்தி. அன்றே இரண்டு பை போனது, இந்த வாரம் நான்கு. முதலாளியின் மேசை இன்னும் அங்கேயேதான் இருக்கிறது, இருக்கட்டும். யாராவது பாதி கேட்டுத் திரும்பினால் லாந்தர்காரர் எண்ண ஆரம்பிக்கிறார். நாலாவது அடியிலேயே அவர்களுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. சிலர் திரும்பி வருகிறார்கள். சிலர் ‘வரேம்மா’ என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அது போதும். தொழிற்சாலைக்கு எழுதிப் போட்டுவிட்டேன், அந்த மிஷினை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். வேண்டுமென்றே செய்தாயா? அவரிடம் என்ன கேட்டாய்?

தங்கை

ஜூலை 11

தங்கைக்கு,

சேமமாக வந்து சேர்ந்தேன். முழங்கால் வீங்கி, இப்போது அதுதான் வீட்டில் பெரிய மனுஷி.

வேண்டுமென்றே செய்தேனாவது! பேசாமல் முழு விலை கொடுத்து வாங்கத்தான் வந்தேன். விலையைக் கேட்டதும் வாய் தானாகப் பாதி கேட்டது, கால் தானாகத் திரும்பியது. பழக்கதோஷம். நம்பினால் நம்பு.

அந்த ஆளிடம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. “இந்தப் பையைத் தைக்க எத்தனை நாளாச்சுங்க?” என்றேன். “தெரியாதுங்க, வாங்கி விக்கிறது” என்றார். “உங்க பேருதானே போட்டிருக்கு?” என்றேன். அவ்வளவுதான்.

பதினோராவது அடியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். பத்து வரை கால்தான் நடக்கிறது. பதினொன்றில் முதுகு முழுக்கக் காது முளைத்துவிடுகிறது. கூப்பிடமாட்டாளா என்று இருக்கிறது, கூப்பிட்டுவிடுவாளோ என்றும் இருக்கிறது. நீ கூப்பிட்டிருந்தால் நான் உன்னை மன்னித்திருக்கமாட்டேன், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அன்று உன்னிடம் வாங்கிய பையைப் பக்கத்து மேசைக்காரிக்குக் கொடுத்தேன். பாதி விலையில் வாங்கித் தந்தவளை முழு விலையில் பழிவாங்கியாயிற்று. யார் தைத்ததென்று சொன்னேன். அழுதுவிட்டாள். ஆபீஸில் மூன்று பேர் அடுத்த மாதம் உன் கடைக்கு வருகிறார்கள். வணக்கம் சொல்லப் பழக்கிக்கொண்டிருக்கிறேன். ஒருத்திக்கு மட்டும் இன்னும் ‘கோணல்’ என்று வாயில் வருகிறது, சரிப்படுத்திவிடலாம்.

எனக்கும் இன்னொரு பை வேண்டும், உன் அத்தானுக்கு. அதற்கு முன் ஒரு நியாயம் கேட்கிறேன். போக முப்பத்திரண்டு, வர முப்பத்திரண்டு, ஆக அறுபத்துநாலு அடி கூடப்பிறந்தவளை நொண்ட விட்டிருக்கிறாய். தைலம் வாங்கியே ஓய்ந்துபோனேன். அந்த முழங்காலுக்காகவாவது விலையில் ஏதாவது பார்த்துச் செய்.

அக்கா

ஜூலை 18

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அத்தானின் தோள் அளவை எழுது. இத்துடன் ஒரு புட்டி தைலம் அனுப்பியிருக்கிறேன், அதற்குக் காசு வேண்டாம்.

பையில் குறையாது.

தங்கை